விருந்துக்கு ஒரே ஒயினா, பதார்த்தத்துக்கு ஒன்றா?

சும்மா_கேட்டேன்:
ஆண்டிறுதி விருந்து, 20 பேர் வருகிறார்கள். பொரித்தது, காரமானது, சுட்ட இறைச்சி, மீன், கேக் எல்லாம் ஒரே நேரத்தில் மேசைக்கு வந்துவிடும். பல ஆண்டு வைத்துப் பழகிய பிரெஞ்சு போர்தோ சிவப்பு ஒயின் வாங்கலாம் என்கிறார் அண்ணன். ஷாம்பெய்ன் மட்டும் போதும் என்கிறாள் தங்கை. யார் பேச்சைக் கேட்பது?

பழைய_பீப்பாய்:
அண்ணன் பேச்சைக் கேளுங்கள். விசேஷ நாளில் மேசையில் கனமான பாட்டில் ஒன்று இருக்க வேண்டும், அது வந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை. சுட்ட இறைச்சியின் புரதமும் கொழுப்பும் போர்தோவில் இருக்கும் கபர்னே சோவின்யோன் திராட்சையின் துவர்ப்பை அடக்கிவிடும். ஷாம்பெய்ன் வாழ்த்துச் சொல்ல ஆளுக்கு ஒரு கிளாஸ், அதோடு சரி.

கொடிக்கால்:
> சுட்ட இறைச்சியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பை அடக்கிவிடும்

இறைச்சிக்குச் சரிதான். கேட்டவர் இறைச்சி மட்டுமா சொன்னார்? காரத்தோடு 14 சதவீத ஆல்கஹால் உள்ள துவர்ப்பான சிவப்பு ஒயினைக் குடித்தால் வாய் இன்னும் எரியும். மீனோடு சேர்ந்தால் சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்புச்சத்து மீன்வாடையைத் தூக்கிக் காட்டும். கேக்கைத் தின்றுவிட்டு அதே ஒயினை ஒரு வாய் குடித்தால் வெறும் புளிப்புதான் தெரியும்.

எல்லாம் கலந்து கிடக்கும் மேசைக்குப் புளிப்பு தூக்கலாக, துவர்ப்பு குறைவாக உள்ள ஒயின்தான் வேண்டும். லேசான இனிப்புள்ள ஜெர்மன் வெள்ளை ஒயின் ரீஸ்லிங் ஒன்று, அதில் பலவற்றில் ஆல்கஹால் 8, 9 சதவீதம்தான். சிவப்புதான் வேண்டும் என்பவர்களுக்கு பிரான்ஸின் போஜொலே.

பழைய_பீப்பாய்:
போஜொலேயா! நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை ஆரவாரத்தோடு வெளியிட்டு, சில மாதத்துக்குள் குடித்துத் தீர்க்கச் சொல்கிற ஒயினா?

நீங்கள் சொல்லும் எரிச்சல் இளம் ஒயினுக்குத்தான் பொருந்தும். அண்ணன் பழகிய ஒயின் அல்லவா கேட்கிறார்? 15, 20 ஆண்டு பாட்டிலில் கிடந்த நல்ல போர்தோவில் துவர்ப்பு மழுங்கியிருக்கும். அடியில் மண்டி சேர்ந்திருக்கும், முந்தின நாளே நிமிர்த்தி வைத்துவிட்டுத் தெளிவை மட்டும் மெதுவாக வேறு குடுவைக்கு இறக்கினால் போதும்.

கொடிக்கால்:
துவர்ப்பு மழுங்கும், ஒத்துக்கொள்கிறேன். கூடவே பழத்தின் வேகமும் இறங்கி, காய்ந்த இலை, தோல், புகையிலை மாதிரியான மெல்லிய மணங்கள்தானே மிஞ்சும்? அவற்றைக் கவனித்துக் குடிக்க வேண்டும். காரமும் பொரியலும் பேச்சும் சிரிப்புமாக 20 பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அதை யார் கவனிப்பார்கள்? இளசு என்றால் எரிக்கும், பழசு என்றால் தொலைந்துபோகும். இரண்டு பக்கமும் உங்களுக்கு நஷ்டம்தான்.

போஜொலேயில் நீங்கள் சொல்லும் அந்த நவம்பர் ஒயினான நூவோ வேறு. மோர்கோன், மூலான்-ஆ-வான் என்று தனிப் பெயர் பெற்ற 10 ஊர்ப்பகுதிகளின் ஒயின் வேறு. இரண்டும் காமே திராட்சைதான், ஆனால் பின்னது பல ஆண்டு தாங்கும். 13 டிகிரிக்குக் குளிர வைத்து ஊற்றிப் பாருங்கள், பிறகு பேசலாம்.

நுரைப்பிரியை:
சண்டை போடுங்க, நான் தங்கச்சி கட்சி. உப்பும் எண்ணெயும் உள்ள எதுக்கும் நுரைக்கிற ஒயின் மாதிரி எதுவும் கிடையாது. ஷாம்பெய்னே வேணும்னும் இல்ல. ஸ்பெயினோட காவா, பிரான்ஸோட கிரெமான் ரெண்டுலயும் அதே மாதிரி பாட்டிலுக்குள்ளதான் நுரை உண்டாகுது. இத்தாலியோட புரொசெக்கோல பெரும்பாலும் தொட்டியில.

லேபிளைப் பார்த்து வாங்குங்க. புரூட்னா லிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழ சர்க்கரை. எக்ஸ்ட்ரா டிரைல அதைவிட அதிகம், 12லிருந்து 17 வரைக்கும் போகும். டிரைன்னா இனிப்பு இல்லாததுன்னு அர்த்தம், அதனால நிறைய பேர் தலைகீழா நினைச்சு வாங்கிடுறாங்க. கேக் வரும்போது டெமி-செக், 32லிருந்து 50 கிராம். ஒயின் கேக்கைவிட இனிப்பா இல்லேன்னா எடுபடாது.

பழைய_பீப்பாய்:
இரவு முழுக்க நுரையே குடித்தால் வயிறு உப்பிக்கொள்ளும் அம்மா. அத்தனை பாட்டிலையும் 8, 10 டிகிரியில் வைக்க எந்த வீட்டுக் குளிர்பெட்டியில் இடம் இருக்கிறது?

நுரைப்பிரியை:
குளிர்பெட்டி எதுக்கு? பெரிய வாளியில பாதி ஐஸ், பாதி தண்ணி. அரை மணி நேரம் போதும். வெறும் ஐஸ்ல வச்சாதான் லேட் ஆகும், பாட்டிலை முழுசாத் தொடுறது தண்ணிதானே. குளிராத பாட்டிலைத் திறந்தா பாதி தரையில போயிடும். உள்ளே 5, 6 வளிமண்டல அழுத்தம் இருக்கு, கார்க்கை யார் முகத்துக்கும் நேராக் காட்டாதீங்க. கார்க்கைப் பிடிச்சுக்கிட்டு பாட்டிலைத் திருப்புங்க.

கணக்குப்பிள்ளை:
அளவைப் பற்றி யாருமே பேசவில்லை. 750 மி.லி. பாட்டிலில் 150 மி.லி. வீதம் 5 கிளாஸ், நுரை ஒயினை 125 மி.லி. ஊற்றினால் 6. 20 பேரில் 14 பேர் குடிப்பார்கள், ஆளுக்கு 3 கிளாஸ் என்று வைத்தால் 42 கிளாஸ், அதாவது 9 பாட்டில். ஒன்று கூடுதலாக வாங்குங்கள். கார்க் கெட்டு ஈர அட்டை நாற்றம் அடிக்கும் பாட்டில் ஒன்று வந்து மாட்டலாம்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் தண்ணீர் டம்ளரை நீட்டாதீர்கள். நல்ல திராட்சைச் சாறோ ஆல்கஹால் நீக்கிய நுரை ஒயினோ அதே மாதிரி கிளாஸில் கொடுங்கள். நீக்கியதிலும் கொஞ்சம் ஆல்கஹால் இருக்கலாம் என்பதால், துளியும் கூடாது என்பவர்களுக்குச் சாறு.

சும்மா_கேட்டேன்:
காவா 5, ரீஸ்லிங் 2, மோர்கோன் 3 என்று எழுதிக்கொண்டேன். தங்கைக்குச் சந்தோஷம். அண்ணனிடம் என்ன சொல்ல?

பழைய_பீப்பாய்:
ஒரே ஒரு பழைய போர்தோவாவது திறந்து எல்லாருக்கும் ஊற்றுங்கள்.

கணக்குப்பிள்ளை:
20 பேருக்கு ஒரு பாட்டில் என்றால் ஆளுக்கு 37 மி.லி. சொச்சம். கிளாஸின் அடி நனைய வேண்டாமா ஐயா?

பழைய_பீப்பாய்:
அப்படியானால் நானும் அண்ணனும் குடித்துக்கொள்கிறோம். நீங்கள் காவாவைத் திறங்கள்.