ரோட்டுச் சத்தம் குறைய நாமே மேட் ஒட்டலாமா? எங்கே தொடங்குவது?

பின்சீட்டுக்காரர்:

வணக்கம். என்னிடம் இருப்பது கொஞ்சம் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். ஊருக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. நெடுஞ்சாலையில் 80ஐத் தாண்டியதும் பின்பக்கத்திலிருந்து இரைச்சல் கிளம்பிவிடுகிறது. அம்மாவுக்குக் காது சற்று மந்தம். பின்சீட்டிலிருந்து அவர் கேட்பது எனக்கும், நான் சொல்வது அவருக்கும் எட்டுவதில்லை. பாதி வழியில் பேச்சையே விட்டுவிடுகிறார். அதற்காகத்தான் இந்த வேலையில் இறங்கப் பார்க்கிறேன்.

அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் (ஒருவகை ரப்பர்) மேட்டை வாங்கி நான்கு கதவு, தரை, டிக்கி என்று எல்லா இடத்திலும் ஒட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். கதவு டிரிம் (தகட்டை மூடும் உள்பக்க மூடி) கழற்றிப் பழக்கம் உண்டு. கதவிலிருந்து தொடங்குவதா, தரையிலிருந்தா? ஓர் அடுக்கு போதுமா, இரண்டு வேண்டுமா?

நாலுவழிச்சாலை:

மேட் வாங்கும் முன் டயரைப் பாருங்கள். உள்ளங்கையை டயரின் வட்டத்தோடு முன்னும் பின்னுமாகத் தடவுங்கள். ஒரு பக்கம் தடவும்போது வழுவழுப்பாகவும், திருப்பித் தடவும்போது ரம்பப்பல் மாதிரித் தட்டுப்பட்டும் இருந்தால் தேய்மானம் சீராக இல்லை. அந்தச் சத்தத்தை எந்த மேட்டாலும் அடக்க முடியாது. காற்றழுத்தம் கம்பெனி சொன்ன அளவில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, வீல் பேரிங். ஆள் இல்லாத அகலமான சாலையில் சீரான வேகத்தில் போகும்போது ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக மெல்ல வளைத்துப் பாருங்கள். இரைச்சல் கூடிக் குறைந்தால் முதலில் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கதவு டிரிம்:

கார் ஆடியோ மாட்டுவதுதான் என் தொழில். ஸ்பீக்கருக்காக ஒட்டத் தொடங்கி, இப்போது சத்தத்துக்காக மட்டுமே நிறைய பேருக்கு ஒட்டித் தருகிறேன். மேலே நண்பர் சொன்ன இரண்டையும் முடித்துவிட்டு இதைப் படியுங்கள்.

பியூட்டைல் மேட் சத்தத்தைத் தடுக்காது. அதன் வேலை தகடு அதிர்வதை அடக்குவது. தகடு அதிரும்போது, மேலே இருக்கும் அலுமினியத் தாள் நீள மறுக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட ரப்பர் இழுபட்டு அந்த அதிர்வைச் சூடாக மாற்றிவிடுகிறது. இதற்குத் தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. தட்டையான இடத்தின் நடுவில், பரப்பில் கால் பங்கு மூடினாலே பெரும்பகுதி பலன் வந்துவிடும். மிச்சத்தை மூடுவதால் எடையும் செலவும் கூடுமே தவிர, காதுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. உள்பக்கம் முழுக்க வெள்ளியாக மின்னும் போட்டோக்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். இரண்டாவது அடுக்கும் வேண்டாம்.

எங்கே ஒட்டுவது என்பதை உங்கள் விரல் முட்டியே சொல்லும். டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்துவிட்டு, அந்தக் குழியின் தரையைத் தட்டுங்கள். ‘டங்’ என்று நீளமாக ஒலித்தால் அங்கே ஒட்ட வேண்டும். ‘டொப்’ என்று உடனே அடங்கினால் விட்டுவிடுங்கள். தரையில் சில இடங்களில் கம்பெனியே கருப்பாகத் தார்ப்பட்டை ஒட்டியிருப்பார்கள். அதன் மேல் ஒருமுறை, பக்கத்து வெறும் தகட்டில் ஒருமுறை தட்டிப் பாருங்கள், வித்தியாசம் உடனே புரியும்.

ஹேட்ச்பேக்கில் டிக்கியும் பின்சீட்டும் ஒரே அறைதான், நடுவில் சுவர் கிடையாது. அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில் கதவும் இல்லை, முன்தரையும் இல்லை. ஸ்டெப்னி குழி, பின்சக்கர வளைவுகளின் உள்பக்கம், பின்சீட்டுக்குக் கீழே உள்ள தகடு. இந்த மூன்றையும் முடித்துவிட்டு ஒருமுறை நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்த பிறகு மற்றதை யோசியுங்கள்.

ஒட்டுவதில் அவசரம் கூடாது. தூசியைத் துடைத்த பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்து, துணியில் அழுக்கு ஒட்டுவது நிற்கும் வரை துடையுங்கள். மேட்டை வைத்துச் சின்ன உருளையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேயுங்கள். தாளின் மேல் இருக்கும் புடைப்பு வடிவம் தட்டையாகி மறையும் வரை தேய்க்க வேண்டும். அதுவரை பிடிப்பு முழுசாக வரவில்லை என்று அர்த்தம். காற்றுக் குமிழி நின்றால் ஊசியால் குத்தி அழுத்துங்கள். கையுறை கட்டாயம், தாளின் ஓரம் பிளேடு போல அறுக்கும். கூரைக்கு ஒட்டும் தார் டேப்பை மட்டும் மலிவு என்று வாங்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் அது இளகி நாறும்.

தகடு அடங்கிய பிறகும் டயர் இரைச்சல் காற்று வழியாக உள்ளே வரும். அதைத் தடுக்க எடை வேண்டும். அதற்குத்தான் கனமான வினைல் விரிப்பு. வழக்கமாகக் கிடைப்பது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோ. அதைத் தகட்டின் மேல் நேராகப் போடாமல் அடியில் மெல்லிய மூடிய துளை நுரை (துளைகள் ஒன்றோடொன்று சேராத, நீர் உறிஞ்சாத வகை) விரித்து மேலே போடுங்கள். இதில் மட்டும் கால் பங்கு கணக்கு செல்லாது, இடைவெளி இல்லாமல் முழுக்க மூட வேண்டும். சின்னச் சந்து விட்டாலும் சத்தம் அது வழியாக வந்துவிடும்.

பின்சீட்டுக்காரர்:

மிக்க நன்றி அண்ணா. டயர், பேரிங் இரண்டும் நன்றாக இருக்கின்றன. நீங்கள் சொன்னபடி தட்டிப் பார்த்தேன், ஸ்டெப்னி குழியும் இடது சக்கர வளைவும் மணி அடிப்பது போல் ஒலிக்கின்றன. இன்னும் இரண்டு சந்தேகம். மொபைல் ஆப்பில் டெசிபல் அளந்து முன்னும் பின்னும் ஒப்பிடலாமா? டிக்கியின் பக்கவாட்டில் டிரிம்முக்குப் பின்னால் ரப்பர் மடல் வைத்த ஓட்டை இருக்கிறது. சத்தம் அது வழியாகத் தெளிவாகக் கேட்கிறது. அதையும் மேட்டால் மூடிவிடலாமா?

நாலுவழிச்சாலை:

பின்சீட்டைக் கழற்றும் முன் அதில் ஏர்பேக் இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். இருந்தால் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, அப்புறம் ஏர்பேக் வயரின் மஞ்சள் கனெக்டரைத் தொடுங்கள். சீட் பெல்ட் போல்ட்டைக் கழற்ற நேர்ந்தால் திரும்ப மாட்டும்போது கம்பெனி குறித்த டார்க்கில் (முறுக்கு விசை அளவில்) முறுக்குங்கள்.

கதவு டிரிம்:

ஆப்பில் வரும் எண்ணைத் துல்லியமான அளவாக எடுக்காதீர்கள், ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதே சாலை, அதே வேகம், கண்ணாடி மூடி, ஏசி நிறுத்தி, மொபைலை அம்மா உட்காரும் இடத்தில் ஒரே மாதிரி வைத்து அளக்க வேண்டும். 3 டெசிபல் குறைந்தால்தான் காதுக்கு லேசாகத் தெரியும், பாதியாகக் குறைந்தது போல் தோன்ற 10 டெசிபல் வேண்டும். வீட்டு வேலையில் 10 எதிர்பார்க்க வேண்டாம். வழக்கமான டெசிபல் அளவீடு தாழ்ந்த சுருதி ஒலியைக் குறைத்தே எண்ணும். அதனால் எண் கொஞ்சமாக இறங்கினாலும், பின்பக்கத்து ‘ஊம்’ குறைந்திருப்பது அம்மாவுக்குத் தெரியலாம். எண்ணை விட அவர் சொல்வதை நம்புங்கள்.

அந்த ரப்பர் மடலை மட்டும் மூடவே மூடாதீர்கள். உள்ளே வரும் காற்று வெளியேறும் வழி அதுதான். அடைத்தால் கதவு சாத்தும்போது காதை அடைக்கும், ஏசி காற்று சரியாக ஓடாது, மழை நாளில் கண்ணாடியில் ஆவி படியும். சத்தம் குறைய வேண்டுமானால் அதற்கும் டிரிம்முக்கும் நடுவில், மடல் திறக்க இடம் விட்டு, நீர் உறிஞ்சாத பஞ்சுப் பட்டையைத் தொங்கவிடுங்கள். காற்று சுற்றிப் போகட்டும், சத்தம் பஞ்சில் மாட்டிக்கொள்ளும். பின்னால் கதவுக்கு வந்தாலும் இதே கவனம் வேண்டும். கதவின் அடி விளிம்பில் இருக்கும் வடிகால் ஓட்டைகளின் மேல் மேட் படக்கூடாது, கண்ணாடி இறங்கும் பாதையும் காலியாக இருக்க வேண்டும்.