அரோமாதெரபி, ரிஃப்ளெக்ஸாலஜி: வீட்டிலிருந்தே படிக்கலாமா, வகுப்புக்குப் போயே ஆகணுமா?

சாட்ஸ்வர்த் மலர்
அரோமாதெரபியும் (நறுமண எண்ணெய்ச் சிகிச்சை) ரிஃப்ளெக்ஸாலஜியும் (பாதத்தை அழுத்திச் செய்யும் சிகிச்சை) படிக்க ஆசை. டர்பனில் முழுநேர வேலை. வாரத்தில் இரண்டு மாலையும் சனிக்கிழமையும்தான் ஓய்வு. வெளிநாட்டு இணையப் படிப்பு ஒன்று ஆறு வாரத்தில் டிப்ளோமா தருகிறேன் என்கிறது. இங்கே வகுப்பறைப் படிப்பு வருடக்கணக்கில் இழுக்கும்போலத் தெரிகிறது. பின்னால் கட்டணம் வாங்கிச் செய்யும் எண்ணமும் உண்டு. எதில் சேரலாம்?

ஃபீனிக்ஸ்வாசி
கட்டணம் வாங்கப்போகிறீர்கள் என்றால் படிப்பைவிடப் பதிவுதான் முதல் கேள்வி, அக்கா. தென்னாப்பிரிக்காவில் இதைக் கட்டுப்படுத்துவது 1982ஆம் ஆண்டு 63ஆம் எண் சட்டத்தின்படி இயங்கும் அல்லைட் ஹெல்த் புரொஃபஷன்ஸ் கவுன்சில். ஆயுர்வேதம், யுனானி திப், ஹோமியோபதி போன்றவற்றோடு தெரப்யூட்டிக் அரோமாதெரபி, மசாஜ், ரிஃப்ளெக்ஸாலஜி மூன்றும் அதன் பட்டியலில் இருக்கின்றன. கையை வைத்துச் செய்யும் ரெய்கி அதில் இல்லை. பட்டியலில் உள்ள தொழிலைப் பதிவில்லாமல் செய்யக்கூடாது. ஆறு வார டிப்ளோமாவைக் காட்டினால் மட்டும் பதிவு கிடைத்துவிடாது.

அதனால் பள்ளிக்காரர்களிடம் கேட்காமல் கவுன்சிலுக்கே மின்னஞ்சல் போட்டு, "இந்தப் பள்ளியின் இந்தத் தகுதியை வைத்துப் பதிவு செய்யலாமா?" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். 'சர்வதேச அங்கீகாரம்' என்ற முத்திரைக்கு இங்கே தனி மதிப்பில்லை.

எண்ணெய்க்கணக்கு
வீட்டிலிருந்து படிக்கும் படிப்பை அடியோடு ஒதுக்கவும் வேண்டாம். உடற்கூறு, எண்ணெய்களின் வேதியியல், கலவைக் கணக்கு எல்லாம் தனியாக உட்கார்ந்து படித்தால்தான் மண்டையில் ஏறும். வகுப்பில் அதற்கு நேரம் போதாது.

ஆனால் பாடம் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 30 மில்லி அடிப்படை எண்ணெயில் நறுமண எண்ணெய் 2 சதவீதம் என்றால் 0.6 மில்லி, அதாவது 12 சொட்டு. மலிவான பாடங்கள் இதோடு நிறுத்திவிடும். 1 மில்லிக்கு 20 சொட்டு என்பது ஒரு உத்தேசம்தான். சொட்டு மூடி மாறினால் 30 சொட்டுக்கு மேலேயும் விழும். ஆகவே 0.01 கிராம் வரை காட்டும் தராசில் நிறுக்கச் சொல்லித்தர வேண்டும். லாவெண்டர் 0.6 மில்லி சுமார் 0.53 கிராம் வரும்.

பெர்கமோட்டையும் (ஒருவகை எலுமிச்சை இனப் பழத்தோல் எண்ணெய்) பாடத்தில் தேடிப் பாருங்கள். தோலில் பூசிக் கழுவாமல் விடும் கலவையில் அதற்கு உச்சவரம்பு 0.4 சதவீதம், 30 மில்லிக்கு இரண்டே சொட்டு. மீறிப் பூசிக்கொண்டு ஜனவரி டர்பன் வெயிலில் நடந்தால் தோல் வெந்துபோகும், கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். வெயிலோடு சேர்ந்து தோலைச் சுடும் ஃபியூரோகூமரின் என்ற பொருளை நீக்கிய வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்லாத பாடத்துக்கு ஒரு ராண்ட்கூடத் தண்டம்.

பாதம் பார்ப்பவர்
கணக்கு சரி, கை? ரிஃப்ளெக்ஸாலஜியில் கட்டைவிரலின் முதல் கணு மட்டும் மடங்கி நிமிர்ந்து, கம்பளிப்பூச்சி மாதிரி நகரணும். மற்ற நான்கு விரலும் மேற்பாதத்தைப் பிடித்துத் தாங்கணும். புதிதாகப் படிப்பவர்கள் கணுவைப் பின்னால் வளைத்து அழுத்துவார்கள். சில வாரத்தில் கட்டைவிரல் அடிமூட்டு வலிக்க ஆரம்பிக்கும். அதிகம் மடக்கினால் நகம் பாதத்தில் குத்தும். வீடியோவில் கோணம் தெரியும், அழுத்தம் தெரியாது. ஆசிரியர் தன் காலைக் கொடுத்து "இது அதிகம், இது போதாது" என்று சொன்னால்தான் கை பழகும்.

இன்னொன்று, நம் ஊர்களில் சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு. நரம்பு மரத்த பாதம் "வலிக்குது" என்று சொல்லாது. கிளினிக்கில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பது அதற்குத்தான். புண், கொப்புளம், நிறமாற்றம் இருந்தால் அங்கே கை வைக்கக்கூடாது. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக, வலியோடு இருந்தால் மசாஜ் பேச்சே வேண்டாம். இரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் அனுப்பணும். இதையெல்லாம் கண்காணிப்பில் நிஜ ஆட்களைப் பார்த்துத்தான் பழகமுடியும்.

பாதத்தின் ஒவ்வோர் இடமும் ஓர் உறுப்புக்கு என்று காட்டும் பாத வரைபடத்தை வைத்துச் சிறுநீரக நோயைக் கண்டுபிடிக்கலாம் என்று எந்தப் படிப்பாவது சொன்னால், அதற்கு ஆதாரம் இல்லை. அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

சாட்ஸ்வர்த் மலர்
அப்போ பாடம் வீட்டில், பயிற்சி சனிக்கிழமை வகுப்பில் என்று கலந்து செய்யலாமா?

ஃபீனிக்ஸ்வாசி
செய்யலாம், கவுன்சில் ஏற்கும் பள்ளியாக இருந்தால். சேருமுன் மூன்று கேளுங்கள்: கண்காணிப்பில் கைப்பயிற்சி எத்தனை மணி நேரம்? ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்? நாம் கைப்பயிற்சி செய்து பழக ஆட்களை யார் கொண்டுவரணும்? மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நீங்களே தேடணும் என்றால், வாராவாரம் சனிக்கிழமை காலை சொந்தக்காரர்களைக் கெஞ்சி எழுப்பவேண்டியிருக்கும்.

பாதம் பார்ப்பவர்
நகத்தை இப்போதே ஒட்ட வெட்டிவிடுங்கள், அக்கா. முதல் வகுப்பில் அதைத்தான் பார்ப்பார்கள்.