ஒட்டகம் மேயும் முள் உருண்டை: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ராஜஸ்தானில் பலோதி, பட்லா பக்கம் சோலார் வேலைக்கு வந்தவர்கள், உருண்டை உருண்டையாக முள் பூ பூக்கும் இந்தச் செடியை முதலில் காலால்தான் தெரிந்துகொள்வோம். இங்கே ஊண்ட்கட்டாரா என்கிறார்கள். பெரும்பாலும் முழங்கால் உயரம்தான். ஆனால் கேபிள் இழுத்துக்கொண்டு போகும்போது பேன்ட்டைத் தாண்டிக் குத்திவிடும்.

ஒரு மதியம் சாப்பிட ஒதுங்கிய இடத்தில் ஒன்று பூத்திருந்தது. குனிந்து பார்த்தால் அந்த உருண்டை ஒற்றைப் பூவே இல்லை. வெள்ளையாக, குட்டிக் குட்டியாகப் பூக்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே தனித்தனியாகச் செதில் கிண்ணம், நடுநடுவே நீட்டிக்கொண்டு நிற்கும் முள். இலையைப் புரட்டினால் அடிப்பக்கம் பஞ்சு ஒட்டினதுபோல் வெள்ளை.

அந்த நேரம் ஒட்டகம் ஓட்டிக்கொண்டு வந்த, ஒட்டகம் மேய்க்கும் ராய்க்கா சமூகப் பெரியவர் ஒருவர், "கையை எடு பேட்டா, அது அவங்க சாப்பாடு" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஒட்டகம் வந்தது, உதட்டைப் பின்னுக்கு இழுத்தது, உருண்டையைப் பக்கவாட்டில் கடித்து முள்ளோடு மென்றது. அதன் கன்னத்துக்குள் கூம்பு கூம்பாகக் கெட்டியான சதைமுனைகள் இருக்கும், அதனால்தான் வாய் கிழியாமல் தப்பிக்கிறது. சைட் சுத்தம் பண்ணுகிறேன் என்று இதை வேரோடு பிடுங்குகிறவர்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

*

நான் குஜராத்தில் கட்ச் பக்கம், பூஜில் இருக்கிறேன் அண்ணா. மழை முடிந்து குளிர் தொடங்கும்போது பாருங்கள், உருண்டையின் உச்சியில் முதலில் மலர்ந்து கீழ்நோக்கி இறங்கும். பாதி பூவும் பாதி மொட்டுமாக இருக்கும் உருண்டையில்தான் தேனீ அதிகம். எறும்பும் விடாது. காய்ந்த பிறகு தொட்டால் உருண்டை அப்படியே உதிர்ந்துவிடும். ஒவ்வொரு விதையும் அதன் முள் கிண்ணத்தோடு தனியாக விழும். என் ஷூ லேஸில் சிக்கினதைப் பிரிக்க இடுக்கி எடுக்க வேண்டியதாயிற்று.

இதன் வேரை ஆண்மைக்கு மருந்து என்று சந்தையில் விற்கிறார்கள். வாங்கிப் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள், நான் வாங்கமாட்டேன்.

*

கோயம்புத்தூர்லேர்ந்து ஒரு விஷயம் சேர்க்கிறேனுங்க. ஊண்ட்கட்டாரா போட்டோவைப் பார்த்ததும் நம்ம ஊர் பிரம்மதண்டுதானே என்று பலர் சொல்லிவிடுவார்கள். முள் இலை ஒன்றுபோலத் தெரியும், அவ்வளவுதான். பிரம்மதண்டுக்கு மஞ்சள் பூ, தண்டைக் கிள்ளினால் மஞ்சளாகப் பால் வடியும். அது மெக்சிகோவிலிருந்து வந்த கசகசாக் குடும்பத்துச் செடி. இது சூரியகாந்திக் குடும்பம், பால் வராது.

விதைதான் வம்பு. பிரம்மதண்டு விதை கடுகு மாதிரியே இருக்கும். 1998-ல் டெல்லியில் கடுகு எண்ணெயில் அதன் எண்ணெய் கலந்து கால் வீங்கி, இதயம் பாதித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். யூட்யூப் பார்த்து எந்த முள்செடியையும் பிடுங்கிக் கஷாயம் வைக்க வேண்டாமுங்க.

*

பலோதியிலிருந்து மறுபடியும் நான். சரிங்க, நல்ல வேளை சொன்னீங்க. பிரம்மதண்டும் இங்கே ரோட்டோரம் நிறைய இருக்கிறது, சத்யானாசி என்கிறார்கள். அடுத்த முறை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டோ எடுத்துப் போடுகிறேன். அப்புறம், குளிர்காலத்தில் இந்தப் பக்கம் வருபவர்கள் துணி ஷூ போட்டுக்கொண்டு வராதீர்கள்.