டெக்சாஸில் புதன்கிழமை ஆடிய ஃபுட்பால்

டெக்சாஸ் ஹைஸ்கூல் ஃபுட்பால் (ஹெல்மெட் போட்டு மோதி ஆடும் அமெரிக்க ஃபுட்பால்) என்றதும் எல்லோரும் ஆட்டம் நடக்கும் வெள்ளிக்கிழமை இரவைப் பற்றியே எழுதுகிறோம். ஆலன் ஊர்ப் பள்ளிக்கு 6 கோடி டாலரில் கட்டிய ஸ்டேடியம், 2013 இறுதிப் போட்டிக்கு ஆர்லிங்டனில் கூடிய 54,347 பேர் எல்லாம் பேசியாகிவிட்டது. எனக்குச் சொல்ல இருப்பது புதன், வியாழன் இரவுகளைப் பற்றி.

ஹூஸ்டனில் என் பையன் பள்ளி பேண்டில் டிரம்பெட் வாசிக்கிறான், அதனால் சீசன் முழுக்க எங்களுக்கு கேலரிதான். போன வருஷம் பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார், பேத்தி வாசிப்பதைப் பார்க்க வந்தவர், எண்பது வயது இருக்கும். சும்மா பேச்சு கொடுத்தேன். வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பள்ளிகள் இருந்த அறுபதுகளின் தொடக்கத்தில், கறுப்பினப் பள்ளியான ஃபிலிஸ் வீட்லி ஹைஸ்கூலுக்கு ஆடியவராம். வெள்ளிக்கிழமை ஸ்டேடியம் வெள்ளையர் பள்ளிகளுக்குப் போய்விடும், எங்களுக்குப் புதனும் வியாழனும்தான் என்றார். குரலில் கோபமே இல்லை, கேட்ட எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அவர் காட்டிய ஒரு விஷயம் கண்ணிலேயே நிற்கிறது. அவர்களுக்கு வந்த ஹெல்மெட்டெல்லாம் வேறு பள்ளி போட்டுக் கழித்தது. மேலே புது பெயின்ட் அடித்துக் கொடுப்பார்கள், நாலு மோதல் ஆனதும் நெற்றிப் பக்கம் பெயின்ட் உரிந்து அடியில் அந்தப் பள்ளியின் நிறம் தெரியுமாம். இந்த இடத்தில்தான் என்று தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

அப்புறம் நானே தேடிப் படித்தேன். டெக்சாஸ் பள்ளிப் போட்டிகளை நடத்தும் அமைப்பான யுஐஎல் 1920-இல் ஃபுட்பாலுக்கு முதல் மாநிலப் பட்டம் கொடுத்தபோது (ஹூஸ்டன் ஹைட்ஸ், கிளீபர்ன் பள்ளிகள் 0-0 என்று சமன், பட்டம் இருவருக்கும்) கறுப்பினப் பள்ளிகளுக்கு அதில் இடமே கிடையாது. அவர்கள் அதே ஆண்டு பிரெய்ரி வியூ என்ற கறுப்பினக் கல்லூரியை வைத்துத் தனியாக ஒரு லீக் தொடங்கினார்கள், பின்னாளில் பிவிஐஎல் என்று பெயர் பெற்றது அதுதான். பின்னாளில் தொழில்முறை ஃபுட்பாலில் பெரிய நட்சத்திரங்களான ஜோ கிரீன், கென் ஹூஸ்டன், பப்பா ஸ்மித் எல்லோரும் அந்தப் பள்ளிகளில் ஆடி வந்தவர்கள்.

பெரியவர் முகம் மலர்ந்தது தேங்க்ஸ்கிவிங் (நவம்பரில் வரும் நன்றி கூறும் பண்டிகை) கேம் பற்றிச் சொன்னபோதுதான். 1927 முதல் 1966 வரை வீட்லியும் ஹூஸ்டனின் இன்னொரு கறுப்பினப் பள்ளியான ஜாக் யேட்ஸும் மோதிய ஆட்டம் அது. ஜெப்பசன் ஸ்டேடியத்தில் முப்பதாயிரம் பேருக்கு மேல் கூடுவார்களாம், அதுவும் சர்ச்சுக்குப் போவது போல கோட்டு, தொப்பி, கையுறை என்று உடுத்திக்கொண்டு, ஊரே திருவிழாக் கோலத்தில் இருக்குமாம். அந்த ஸ்டேடியத்தை 2012-இல் இடித்துவிட்டார்கள், இன்று ஹூஸ்டன் பல்கலைக்கழக ஸ்டேடியம் நிற்பது அதே இடத்தில்தான். நான் எத்தனையோ முறை அந்த வழியாகப் போயிருக்கிறேன்.

1967-இல் யுஐஎல் கறுப்பினப் பள்ளிகளைச் சேர்த்துக்கொண்டது, 1970-இல் பிவிஐஎல் முடிந்தது. நல்லதுதான், ஆனால் விலையை ஒரு தரப்பே கொடுத்தது. பல ஊர்களில் மூடப்பட்டது கறுப்பினப் பள்ளிதான், வருஷக்கணக்கில் தலைமைக் கோச்சாக இருந்தவர்கள் உதவிக் கோச்சாக நின்றார்கள். கோப்பைகளும் போட்டோக்களும் எங்கே போயின என்று பெரியவர் கேட்டார், எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

டெக்சாஸின் போமான்ட் ஊர்ப் பக்கம் இருப்பவர்கள் யாராவது இருந்தால், பப்பா ஸ்மித்தின் அப்பா கோச்சாக இருந்த சார்ல்டன்-பொல்லார்ட் பள்ளி பற்றி அங்குள்ள பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அந்த வயதுக்காரர்கள் இன்னும் கேலரிகளில் வந்து உட்காருகிறார்கள்.