மாதம் 3000 ரூபாவுக்குள் ஒரிஜினல் டிஸ்க் சேர்க்க முடியுமா?

வெள்ளவத்தைவாசி:
அம்மாவுடன் பார்க்கலாம் என்று ஸ்ட்ரீமிங்கில் ஒரு பழைய படத்தைக் குறித்து வைத்திருந்தேன். போன ஞாயிறு சோற்றுக் கோப்பையோடு வந்து உட்கார்ந்து தேடினால் காணவில்லை, உரிமம் முடிந்துவிட்டதாம். சந்தாக் காசு மட்டும் மாதாமாதம் தவறாமல் போகிறது. அந்தக் கடுப்பில்தான் கேட்கிறேன், திரும்பத் திரும்பப் பார்க்கிற படங்களையாவது டிஸ்க்காக வாங்கி வைத்தால் என்ன? மாதம் 3000 ரூபாவுக்கு மேல் முடியாது. வீட்டில் பழைய டிவிடி பிளேயர் ஒன்று இருக்கிறது, ஆனால் டிரே திறப்பதே இல்லை, பட்டனை அமத்தினால் உள்ளே சர்ரென்று சத்தம் மட்டும் வரும். டிவிடியோடு நிற்கவா, அதைவிடத் தெளிவாகப் படம் காட்டுகிற புளூரே டிஸ்க்குக்குப் போகவா? கடைகளில் ஒரிஜினல் கிடைக்குமா? பள்ளிக்கூட நாட்களில் காலி வீதியில் நான் டிவிடி வாங்கிய இடங்களில் இப்போது ஃபோன் கவர்தான் தொங்குகிறது.

கொட்டாஞ்சேனைக்காரன்:
தம்பி, அந்த நாட்களில் நாங்கள் வாங்கியதில் முக்கால்வாசி ஒரிஜினலே இல்லை. இருக்கிறதை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஊதா நிறம் அடித்தால் கணினியில் எழுதிய கொப்பி. அச்சடித்தது வெள்ளியாக மின்னும், நடு ஓட்டையைச் சுற்றி ஐஎஃப்பிஐ என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்து இருக்கும், டோர்ச் அடித்தால்தான் தெரியும். என் பெட்டியில் அறுபது டிஸ்க் இருந்தது, ஒரு மழை நாளில் எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பார்த்தேன், ஒரிஜினல் பதினொன்று! ஒரிஜினலில் 8.5 ஜிபி இருக்கிற படத்தைக் கொப்பி எடுக்கிற 4.7 ஜிபி டிஸ்க்கில் அமுக்கினால் இருட்டான காட்சியெல்லாம் கட்டம் கட்டமாகத்தான் வரும். ஒரே டிஸ்க்கில் மூன்று படம் என்று வந்ததே, அதை ஒரிஜினல் என்றாலும் வாங்காதீர்கள்.

முகமூடி:
எல்லாம் டெலிகிராமில் கிடக்கே, காசை ஏன் கரைக்கிறீர்கள்?

தெஹிவளை லென்ஸ்:
முகமூடி, கிடக்கட்டும், அவர் கேட்டது அதையல்ல.

வெள்ளவத்தைவாசி, டிஸ்க் வாங்க முதல் ரீஜனைப் பாருங்கள், அதாவது எந்தப் பகுதி நாடுகளின் பிளேயரில் ஓடும் என்று டிஸ்க்கில் போட்டிருக்கிற பூட்டு. நான் அங்கேதான் சூடுபட்டேன். டிவிடியில் நம் பக்கம் ரீஜன் 5, இங்கிலாந்து 2, அமெரிக்கா 1. புளூரேயில் தெற்காசியா சி, இங்கிலாந்து பி. ‘ஆல் ரீஜன்’ என்று போட்டிருந்தால் கவலையில்லை. மலிவான டிவிடி பிளேயர் பலவற்றில் ரிமோட்டால் ஒரு ரகசிய மெனு திறந்து பூட்டை எடுத்துவிடலாம். புளூரே பிளேயர் அவ்வளவு சுலபமாக மசியாது. கணினியில் போட்டுப் பார்ப்பதென்றால் டிவிடி டிரைவில் ரீஜனை ஐந்து தடவைதான் மாற்றலாம், அதற்குப் பிறகு கடைசியாக வைத்ததிலேயே நின்றுவிடும். நான் விளையாட்டாக நாலு தடவை மாற்றிவிட்டு இப்போது தொடாமல் இருக்கிறேன்.

புளூரேயையும் விடத் தெளிவான 4கே டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டே கிடையாது, அது நல்ல விஷயம், ஆனால் உங்கள் 3000க்கு அது வேண்டாம். பாவித்த பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3 கேம் பெட்டி) கிடைத்தால் டிவிடி, புளூரே இரண்டும் ஓடும். பிஎஸ்4 இருக்கிறவர்கள் ப்ரோ என்றாலும் 4கே டிஸ்க்கை நம்பி வாங்காதீர்கள், அதில் ஓடாது. பழைய தமிழ்ப் படம்தான் உங்கள் குறி என்றால் பெரும்பாலானவை புளூரேயில் வரவே இல்லை. டிவிடியோடு நில்லுங்கள்.

லண்டன் பெறாமகள்:
கடையில் தேடி அலையாதீர்கள். வெளிநாட்டில் ஆள் இருக்கிறதா? லண்டனில் இருக்கிற என் சித்தி அங்கே தரும நிறுவனங்கள் நடத்துகிற பழைய சாமான் கடைகளில் ஒரு பவுணும் வராத விலைக்கு டிவிடி எடுப்பா. தபாலில் போட்டால் செலவும் சுங்கமும் சேர்ந்து படத்தின் விலையைத் தின்றுவிடும், அதனால் யாராவது வரும்போது பெட்டியில் போட்டுவிடச் சொல்வேன். பெட்டியில் இடமில்லை என்று சொல்வார்கள், விடாதீர்கள். இடத்தைப் பிடிப்பது பிளாஸ்டிக் உறைதான். டிஸ்க் வெறும் 16 கிராம். அட்டைத்தாளோடு மெல்லிய கவரில் போட்டால் நூறு படம் இரண்டு கிலோவுக்குக் கிட்டத்தான் வரும். எல்லாம் ரீஜன் 2 என்பதால் லென்ஸ் அண்ணா சொன்ன ரகசிய மெனு வேலையை முதலில் முடித்துவையுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கடலுக்குக் கிட்ட. ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும், சிலிக்கா ஜெல் பொட்டலம் கிடைத்தால் எறியாமல் டிஸ்க் பெட்டிக்குள் போடுங்கள். துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
அந்தச் சர்ர் சத்தத்தை மறந்துவிட்டேன். டிரேயை இழுக்கிற ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், வேறொன்றுமில்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் கேட்டுப் பாருங்கள், பழைய பெல்ட்டைக் கையோடு கொண்டு போங்கள், அளவு சொல்லிப் புரியவைக்க முடியாது. பிளக்கைக் கழற்றிவிட்டு மூடியைத் திறவுங்கள் என்று சொல்லவும் வேண்டுமா.

வெள்ளவத்தைவாசி:
எல்லாருக்கும் நன்றி. கனடாவில் இருக்கிற மாமாவுக்கு ஆறு படத்தின் பெயர் எழுதி அனுப்பியிருக்கிறேன், ஆவணியில் வருகிறார். அங்கே ரீஜன் 1 என்பதால் ஆல் ரீஜன் என்று போட்டதை மட்டும் எடுக்கச் சொன்னேன். பெல்ட்டும் மாற்றியாச்சு, டிரே இப்போது ஒரே பாய்ச்சலில் வெளியே வருகிறது. உள்ளே ஒரு டிஸ்க் இருந்தது, எத்தனை வருஷமாக இருந்ததோ. திருப்பிப் பார்த்தேன். ஊதா.