பழைய மரண அறிவித்தல் இணைப்புகளைத் திருப்பினேன், "கோப்பாய்" போன்ற சில ஊர்கள் மட்டும் 404

கிணற்றடி (கேள்வி)

வணக்கம். எங்கள் ஊர்ச் சங்கத்தின் தளத்தை ஐந்து வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சம்பளம் கிடையாது. "தம்பி, அதை ஒருக்கா பார்" என்பார்கள், நானும் பார்ப்பேன். தளத்தில் என்னென்னவோ பக்கங்கள் இருக்கின்றன, ஆனால் ஆட்கள் வந்து பார்ப்பது மரண அறிவித்தலை மட்டும்தான். ஒருவர் தவறினால் அரை மணித்தியாலத்துக்குள் இணைப்பு ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் எல்லாம் போய்விடும். பிறகு எட்டுச் செலவு, அந்தியேட்டி, ஆண்டுத்திவசம் என்று அதே இணைப்பைத்தான் திரும்பத் திரும்ப அனுப்புவார்கள். ஆகவே பழைய முகவரி ஒன்று திறக்காவிட்டால் எனக்கு இரவு இரண்டு மணிக்குக் கனடாவில் இருந்து தொலைபேசி வரும். அவர்களுக்கு அது பின்னேரம்.

இப்போது செயலியை மாற்றியிருக்கிறோம். உபுண்டுவில் டொம்காட் 9 (ஜாவா செயலிகளை ஓட்டும் சேர்வர்), அதற்கு முன்னால் என்ஜின்எக்ஸ் (வரும் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் வெப்சேர்வர்). பழைய செயலியின் வார் கோப்புக்கு (டொம்காட்டில் போடும் செயலிப் பொதி) "நோட்டீஸ்" என்று பெயர், ஆகவே முகவரிகள் எல்லாம் இப்படி இருந்தன:

/நோட்டீஸ்/மரண-அறிவித்தல்/கோப்பாய்

முதல் சொல் முகவரியில் ஆங்கில எழுத்தில் இருக்கிறது, மற்ற இரண்டும் அசல் தமிழ். புதிய செயலியில் ஊருக்கு ஓர் எண்: /ஊர்/17. தமிழ் முகவரியைப் பிரதி எடுத்து ஒட்டினால் "யாழ்ப்பாணம்" என்ற ஒரு சொல்லே சதவீதக் குறிகளோடு 99 எழுத்தாக நீள்கிறது. அதைப் பார்த்துச் சங்கத்தில் எல்லோருக்கும் அலுத்துவிட்டது, அதனால்தான் எண்.

என்ஜின்எக்ஸில் ஒரு மேப் தொகுதி எழுதி, இடப்பக்கம் பழைய பாதை, வலப்பக்கம் ஊர் எண் என்று 43 ஊர்களைப் போட்டேன். முதலில் என்ஜின்எக்ஸ் எழும்பவே மாட்டேன் என்றது. தமிழில் ஓர் எழுத்துக்குறிக்கு 3 பைட் என்பதால் மேலே உள்ள பாதையே 73 பைட் வருகிறது, மேப் ஹாஷ் பக்கெட் அளவு 64 போதவில்லை. 128 ஆக்கினேன், எழும்பியது. தனித்தனி அறிவித்தல்களின் முகவரியில் கடைசியில் எண் இருப்பதால் அந்த எண்ணை மட்டும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் பிடித்துத் திருப்பிவிட்டேன், அவை சரி.

பிரச்சினை ஒன்று. ஊர்ப் பக்கங்களில் சில திரும்புகின்றன, சில 404 (பக்கம் இல்லை). நல்லூர், இணுவில், மானிப்பாய், சாவகச்சேரி, பருத்தித்துறை எல்லாம் போகின்றன. கோப்பாய், கொக்குவில், கோண்டாவில், கொடிகாமம் போகவில்லை. "க"வில் தொடங்கும் ஊர்தான் பிரச்சினையோ என்று நினைத்தேன், ஆனால் காரைநகரும் கரவெட்டியும் வேலை செய்கின்றன, தொல்புரம் செய்யவில்லை. இன்னொரு விசர் வேலை: நான் கையால் "கோப்பாய்" என்று தட்டினால் சரியாகப் போகிறது. மாமி வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய இணைப்பைத் தட்டினால் 404. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை.

பிரச்சினை இரண்டு. புதிய செயலியைச் சோதிக்கும்போது "புதிது" என்ற பெயரில் வார் போட்டேன், அப்படியே விட்டுவிட்டேன். என்ஜின்எக்ஸில் கோரிக்கையை டொம்காட்டுக்கு அனுப்பும் ப்ராக்ஸி பாஸ் வரியின் முடிவில் போர்ட் 8080க்குப் பிறகு "/புதிது/" என்று எழுதியிருக்கிறேன். வாசிக்கிறவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நிர்வாகப் பக்கத்தில் கடவுச்சொல் கொடுத்ததும் முகவரியில் "/புதிது/" முளைத்து 404 வருகிறது. அதைக் கையால் அழித்துவிட்டுப் போனால் மறுபடியும் கடவுச்சொல் கேட்கிறது. எத்தனை தடவை கொடுத்தாலும் கேட்கிறது.

யாராவது வழி சொல்லுங்கோ.

---

வடலி

தம்பி, இரண்டாவதை முதலில் முடிப்போம். அது எனக்குப் பழக்கமான பேய்.

ப்ராக்ஸி பாஸ் வரியில் போர்ட்டுக்குப் பிறகு எதையாவது எழுதினால், வெறும் ஒரு சாய்கோடு என்றாலும், லொகேஷனோடு (எந்தப் பாதைக்கு இந்த விதி என்று சொல்லும் தொகுதி) பொருந்திய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் நீங்கள் எழுதியதை வைக்கும். ஒன்றும் எழுதாவிட்டால் வந்த பாதையை அப்படியே உள்ளே தள்ளும். நீங்கள் எழுதியபடி, வெளியே "/" என்று நிற்கிறவர் உள்ளே போகும்போது "/புதிது/" ஆகிவிடுகிறார். இந்தப் பெயர் மாற்றம் டொம்காட்டுக்குத் தெரியாது. அது தன் கொன்டெக்ஸ்ட் பாத் (செயலி இருக்கும் முகவரி) "/புதிது" என்று நம்பிக்கொண்டு இரண்டு காரியம் செய்யும்.

ஜேசெஷன்ஐடி (உள்ளே வந்த ஆளை அடையாளம் வைக்கும்) குக்கியில் பாத் "/புதிது" என்று எழுதி அனுப்பும். பிரவுசர் நிற்பதோ "/" இல். பாதை பொருந்தாத குக்கியைப் பிரவுசர் திருப்பிக் கொடுக்காது. எனவே ஒவ்வொரு தடவையும் நீங்கள் டொம்காட்டுக்குப் புது ஆள். கடவுச்சொல் கேட்பது அதனால்தான்.

மற்றது, உள்ளே நுழைந்த பிறகு "/புதிது/முகப்பு"க்குப் போ என்று லொகேஷன் ஹெடரில் சொல்லும். பிரவுசர் அங்கே போகும். என்ஜின்எக்ஸ் அதற்கும் முன்னால் இன்னொரு "/புதிது" சேர்த்து "/புதிது/புதிது/முகப்பு" என்று டொம்காட்டிடம் கேட்கும். 404.

ப்ராக்ஸி குக்கி பாத், ப்ராக்ஸி ரீடைரக்ட் என்ற இரண்டு வரிகளால் இதை ஒட்டுப்போடலாம். நான் அப்படி ஒட்டுப்போட்டு ஒரு வருடம் கழித்து என்ன எழுதினேன் என்று எனக்கே விளங்காமல் தலையில் கை வைத்திருக்கிறேன். வெளியே தெரியும் பாதையும் உள்ளே இருக்கும் பாதையும் ஒன்றாக இருக்கட்டும். வார் கோப்பின் பெயரை ரூட் என்று மாற்றுங்கள், நான்கு எழுத்தும் பெரிய எழுத்தில். அந்தப் பெயர் இருந்தால் கொன்டெக்ஸ்ட் பாத் வெறுமையாகிவிடும். வெப்அப்ஸ் கோப்புறையில் டொம்காட்டோடு வந்த ரூட் கோப்புறை இருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள். பிறகு ப்ராக்ஸி பாஸில் 8080க்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும், அந்தச் சாய்கோட்டையும் சேர்த்து, அழித்துவிடுங்கள்.

ஊர்ப் பெயர் விவகாரம் எனக்குத் தெரியவில்லை. ஒன்று செய்யுங்கள். என்ஜின்எக்ஸின் அக்செஸ் லொக்கில் கேட்ட முகவரி சதவீதக் குறிகளோடு வந்தபடியே கிடக்கும். நீங்கள் தட்டிய கோப்பாயையும் மாமியின் கோப்பாயையும் அதில் தேடி, எத்தனை எழுத்து என்று எண்ணிப் பாருங்கள்.

---

கிணற்றடி

அண்ணை, ரூட் ஆக்கினேன், ஒரே தடவையில் உள்ளே போய்விட்டேன். நான்கு நாள் குக்கியை அழித்து அழித்துக் களைத்தவன் நான். நன்றி.

லொக்கைப் பார்த்தேன். நான் தட்டிய கோப்பாய் 72 எழுத்து. மாமியின் கோப்பாய் 81. மூன்று தடவை எண்ணினேன். அந்த ஒன்பது எழுத்து எங்கிருந்து வந்தது? இடைவெளி ஏதும் ஒட்டிக்கொண்டதா என்றால் அப்படியும் இல்லை.

---

பூவரசு

நான் சேர்வர் ஆள் இல்லை, பாமினி (யூனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துரு) எழுத்துருவில் பல வருடம் தட்டச்சுச் செய்தவள். ஆனால் உங்கள் ஊர்ப் பட்டியலைப் பார்த்ததுமே சிரித்துவிட்டேன். போகாத ஊர்களை ஒருக்கா வாய்விட்டு வாசியுங்கோ: கோப்பாய், கொக்குவில், கோண்டாவில், கொடிகாமம், தொல்புரம். எல்லாவற்றிலும் ஒரே எழுத்தில் ஒரு கொம்பும் (ெ அல்லது ே) ஓர் அரவும் (ா) சேர்ந்து வருகின்றன. காரைநகரில் அரவு மட்டும். சாவகச்சேரியில் கொம்பும் அரவும் இருந்தாலும் வேறு வேறு எழுத்தில்.

பாமினியில் "கோ" அடிக்க இரட்டைக்கொம்பு, க, அரவு என்று மூன்று விசை. கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே அடிப்போம். யூனிகோட்டில் "ோ" என்பதற்கே தனியாக ஓர் எண் உண்டு. அதோடு "ே", "ா" இரண்டையும் அடுத்தடுத்து வைத்தாலும் அதே "ோ"தான் திரையில் வரும். பாமினியில் இருந்து யூனிகோட்டுக்கு மாற்றும் சில மாற்றிகள் கொம்பை எடுத்து எழுத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, அரவை அப்படியே தனியாக விட்டுவிடும். பார்க்க ஒன்று, உள்ளே இரண்டு. ஒரு குறிக்கு 3 பைட், ஒரு பைட்டுக்குச் சதவீதக் குறியோடு 3 எழுத்து. உங்கள் ஒன்பது அதுதான்.

நம்பாவிட்டால் மாமியின் இணைப்பில் உள்ள ஊர்ப் பெயரை எங்காவது ஒட்டி, "கோ"வுக்குப் பின்னால் கேர்சரை வைத்து பாக்ஸ்பேஸை ஒரே ஒருதரம் அழுத்துங்கோ. "க" மிஞ்சினால் ஒரு குறி. "கே" மிஞ்சினால் இரண்டு.

---

கிணற்றடி

"கே" மிஞ்சியது அக்கா.

பழைய செயலிக்குத் தரவு ஏற்றினவர் அதற்கு முந்திய பாமினிக் கோப்புகளை மாற்றி எடுத்துத்தான் ஏற்றினாராம். இன்று பின்னேரம் கேட்டு உறுதிப்படுத்திவிட்டேன். பாவம், அவருக்கே இது தெரியாது. ஆனால் ஒன்று விளங்கவில்லை: என்ஜின்எக்ஸ் பாதையை "நோர்மலைஸ்" செய்துவிட்டுத்தான் லொகேஷனோடும் மேப்போடும் ஒப்பிடும் என்று வாசித்தேனே?

---

பண்ணைக்கரை

அந்தச் சொல்லில் நானும் ஒருமுறை ஏமாந்தேன். என்ஜின்எக்ஸ் சொல்வது வேறு: சதவீதக் குறிகளை அவிழ்ப்பது, இரட்டைச் சாய்கோட்டை ஒன்றாக்குவது, இரட்டைப் புள்ளிகளைத் தீர்ப்பது. யூனிகோட்டின் என்எஃப்சி (குறிகளைச் சேர்த்து எழுதுவது), என்எஃப்டி (பிரித்து எழுதுவது) பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அதற்குப் பைட் மட்டும்தான்.

இரண்டு வழி. ஜாவாவில் நோர்மலைசர் என்ற வகுப்பு இருக்கிறது. ஒரு ஃபில்டர் (கோரிக்கை செயலிக்குப் போகுமுன் பார்க்கும் நிரல்) எழுதி, வந்த பாதையை என்எஃப்சி ஆக்கி, மாறியிருந்தால் மாறிய பாதைக்குத் திருப்பிவிடலாம். ஃபில்டரின் யுஆர்எல் பற்றனுக்குச் "சாய்கோடு நட்சத்திரம்" சரி. அதையே பழக்கத்தில் சேர்வ்லெட்டுக்கும் (பதில் கொடுக்கும் நிரல்) எழுதிவிடாதீர்கள், ஜேஎஸ்பி பக்கங்கள்கூட அந்த ஒரு சேர்வ்லெட்டுக்குள் போய் விழும். அங்கே வெறும் சாய்கோடு போதும். 43 ஊருக்கு ஃபில்டர் அதிகம் என்றால் மேப்பிலேயே இரண்டு எழுத்துமுறையையும் எழுதுங்கள். கையால் எழுதினால் எது எது என்று உங்களுக்கே தெரியாது. பைத்தனில் யூனிகோட்டேட்டா என்ற மொடியூல் இருக்கிறது, ஒவ்வொரு ஊரையும் என்எஃப்சி, என்எஃப்டி இரண்டிலும் அச்சிடச் சொன்னால் முடிந்தது.

இன்னும் ஒன்று, நீங்கள் கேட்கவில்லை ஆனாலும். சோதிக்கும்வரை 302 (தற்காலிகத் திருப்பல்) போடுங்கள். 301 (நிரந்தரத் திருப்பல்) என்றால் பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த தடவை உங்கள் சேர்வரிடம் கேட்காமலே முதலில் சொன்ன இடத்துக்கு ஓடும். அப்புறம், கண்ணீர் அஞ்சலி எழுதும் படிவம் பழைய முகவரிக்குப் போஸ்ட் செய்கிறதா என்று பாருங்கள். 301இல் பிரவுசர்கள் போஸ்டை (எழுதி அனுப்புவது) கெட் (வெறுமனே வாசிப்பது) ஆக்கிவிடும், எழுதினது காற்றோடு போய்விடும். அந்தப் பாதைக்கு மட்டும் 308 (போஸ்டை மாற்றாத நிரந்தரத் திருப்பல்).

---

பூவரசு

ஒரு சின்னச் சேர்க்கை. "கௌ"வை வடிவாகப் பாருங்கோ. நம்மவர்கள் கொம்பு போட்டு, க போட்டு, பக்கத்தில் "ள" எழுத்தையே அடித்துவிடுவார்கள். அது என்எஃப்சியால் சேராது, ஏனென்றால் யூனிகோட்டுக்கு அது உண்மையிலேயே "கெள" என்ற வேறு சொல்.

---

கிணற்றடி

மேப் இப்போது இரட்டிப்பாக ஓடுகிறது. உண்மையில் இரண்டு வடிவம் தேவைப்பட்டது ஒன்பது ஊருக்குத்தான், மற்றவற்றில் இரண்டும் ஒன்றாகவே வந்து, ஒரே வரி இரண்டு தடவை இருக்கிறது என்று என்ஜின்எக்ஸ் சண்டை பிடித்தது. ஒத்த வரிகளை நீக்கினேன். ஊர்ப் பெயரில் "கௌ" இல்லை, தப்பினேன். அஞ்சலிப் படிவம் பழைய முகவரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது, 308 போட்டுவிட்டேன். கேர்லில் (கட்டளை வரியில் முகவரிகளைத் திறக்கும் கருவி) 43 ஊரையும் இரண்டு விதமாகவும் ஓடவிட்டுப் பார்த்தேன், எல்லாம் சரி.

302 புத்திமதிதான் பிந்தி வந்தது. முதல் நாள் நான் 301 போட்டபோது கொடிகாமத்துக்கும் கோண்டாவிலுக்கும் எண்ணை மாறி எழுதியிருந்தேன். நான் அனுப்பிய சோதனை இணைப்பை அன்றைக்கே திறந்து பார்த்தவர் மாமி ஒருவர்தான். அவருடைய கைபேசியில் கொடிகாமம் என்று தட்டினால் இன்னும் கோண்டாவில்தான் வருகிறது. பிரவுசரின் சேமிப்பை அழிக்கச் சொல்லித் தொலைபேசியில் அரை மணித்தியாலம் கதைத்தேன். "நீ சின்னனிலேயே இப்பிடித்தான்" என்றுவிட்டு வைத்துவிட்டார்.