தாத்தாவின் 3பி ஜீப்: பெட்ரோல் எஞ்சினைப் பிழைக்க வைப்பதா, டீசல் மாட்டுவதா?

கம்பத்துக்காரன்:
வணக்கம். கையில் இருப்பது 1972 மாடல் மஹிந்திரா சிஜே-3பி, பெட்ரோல். தாத்தா திராட்சைத் தோட்டத்துக்கு ஓட்டியது. அவர் காலமான பிறகு மாட்டுக்கொட்டகை ஓரமாகப் பதினெட்டு வருடம் நின்றுவிட்டது. பின்சீட்டில் கோழி அடைகாத்த அடையாளம் இருக்கிறது. போன மாதம் டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துவந்து வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் நிறுத்தியிருக்கிறேன்.

சேஸ் பரவாயில்லை, சுத்தியலால் தட்டினால் நல்ல சத்தம் வருகிறது. தரைத் தகரம்தான் போச்சு. டிரைவர் பக்கம் கால்மிதியைத் தூக்கினால் கீழே படுத்திருக்கும் நாய் தெரிகிறது. எஞ்சின் இறுகிக் கிடக்கிறது. முன்னால் ஹாண்டில் போட்டு இரண்டு பேர் தொங்கியும் அசையவில்லை. பார்க்க வந்த மெக்கானிக் பானட்டைத் திறந்தார், முகர்ந்தார், மூடினார். “இதைக் காயலான் கடையில போட்டுட்டு டீசல் மாட்டிடுங்க தம்பி” என்றார். செய்யலாமா? வேலையை முடிந்தவரை நானே வீட்டில் செய்வதாக உத்தேசம். வெல்டிங் மெஷின் இருக்கிறது, செயின் பிளாக் இரவல் கிடைக்கும்.

டீசல் அண்ணாச்சி:
மெக்கானிக் சொன்னதுதான் சரி தம்பி. என்னுடையதும் 3பி. பெட்ரோலில் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது, அதுவும் இறக்கத்தில். மஹிந்திரா எம்எம்540 ஜீப்பில் வந்த பியூஜோ எக்ஸ்டிபி 4.90 எஞ்சினை மாட்டினேன். 2112 சிசி, 62 குதிரைசக்தி. பன்னிரண்டு வருடமாக ஓடுகிறது, லிட்டருக்குப் பன்னிரண்டுக்குக் குறைந்ததில்லை. எந்த ஊரில் நின்றாலும் அதைப் பிரிக்கத் தெரிந்த ஒருவர் அகப்படுவார். உங்கள் எஞ்சினுக்குக் கார்புரேட்டர் டியூன் செய்யத் தெரிந்த ஆளைத் தேடிப் போனால், அவர் சுவரில் மாலையோடு இருப்பார்.

எஃப்ஹெட் பித்தன்:
மாலை போட அவசரப்படாதீர்கள் அண்ணாச்சி, நான் உயிரோடுதான் இருக்கிறேன்.

தம்பி, அந்த எஞ்சினின் பெயர் ஹரிக்கேன். 2199 சிசி, 72 குதிரை. இன்டேக் வால்வு ஹெட்டில் இருக்கும், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும். இதற்கு முந்தைய எஞ்சினில் வால்வு எல்லாமே பிளாக்கில்தான். வால்வு மேலே ஏறியதும் எஞ்சின் உயரம் கூடியது, அது உள்ளே அடங்கத்தான் பானட்டையே தூக்கினார்கள். 3பி-யின் அந்தத் தூக்கிய முகம் இந்த எஞ்சினால் வந்தது. இதைக் கழற்றி எறிந்துவிட்டு முகத்தை மட்டும் வைத்துக்கொள்வது, மாப்பிள்ளையை அனுப்பிவிட்டுத் தலைப்பாகையை வைத்துக்கொள்வது மாதிரி.

இன்னொன்று. இதன் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், 111 மில்லிமீட்டர். அண்ணாச்சியின் பியூஜோவுக்கு 83. நீள ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றிலேயே முழு இழுவையைக் கொடுத்துவிடும். கியர் விகிதம் முதல் கியரில் 2.8, ஃபோர்வீல் லோவில் 2.46, ஹவுசிங்கில் (சக்கர அச்சில் உள்ள கியர்) 5.38. பெருக்கிப் பாருங்கள், 37 வருகிறது, எஞ்சின் 37 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. ஆக்சிலரேட்டரில் காலே வைக்காமல் தோட்டத்து வரப்பில் ஏறும்.

டீசல் அண்ணாச்சி:
அந்தத் தூக்கிய பானட்டுக்குள்தான் என் டீசல் எஞ்சின் இடிக்காமல் உட்கார்ந்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு நன்றி சொல்லிவிடுங்கள்.

சேலம் லேத்து:
யார் பக்கமும் இல்லை. ஒன்று மட்டும். டீசல் என்றதும் பாதிப் பேர் மலிவாகக் கிடைக்கிறதே என்று டிராக்டர் எஞ்சினைத் தூக்கிவருகிறார்கள். அது 2000 சுற்றுக்கு அந்தப் பக்கம் போகாது. 5.38 ஹவுசிங்கும் 6.00-16 டயரும் உள்ள வண்டி 80-ல் போக எஞ்சின் ஏறக்குறைய 3200 சுற்று சுற்ற வேண்டும். கணக்குப் போடுங்கள், 50-ல் மூச்சு முட்டும். அப்புறம் ஹவுசிங்கை மாற்று, கியர் பாக்ஸை மாற்று என்று வந்து நிற்பார்கள். முன் ஸ்பிரிங் பட்டை எடை தாங்காமல் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்த ஜீப்புகளையும் பார்த்திருக்கிறேன். போட்டால் அண்ணாச்சி மாதிரி ஜீப்புக்கென்று வந்த எஞ்சினாகப் போடுங்கள்.

எஃப்ஹெட் பித்தன்:
காகிதத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோல் என்று இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி முன் அனுமதி இல்லாமல் எஞ்சின் வகையை மாற்ற முடியாது. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு முரணான மாற்றங்கள் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதோடு 2021-ல் வந்த பழம்பெரும் வாகன விதி இருக்கிறது. 50 வருடம் தாண்டிய வண்டிக்கு ‘விஏ’ வரிசையில் தனி எண், கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். நிபந்தனை என்ன தெரியுமா? சேஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. தம்பியின் வண்டிக்கு 50 முடிந்துவிட்டது. டீசல் மாட்டிய அன்றே அந்தக் கதவைச் சாத்தியாயிற்று.

டீசல் அண்ணாச்சி:
அந்த விதியை முழுக்கப் படித்தீர்களா? விஏ எண் வாங்கினால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடப் போவது, ரிப்பேருக்குப் போவது. அவ்வளவுதான். தினசரி ஓட்டம் கிடையாது. தம்பி திராட்சைக் கூடை ஏற்றப் போகிறாரா, பேரணிக்குப் போகப் போகிறாரா?

என் வண்டிக்கு ஆர்.சி.யில் டீசல் ஏறியிருக்கிறது, அது அந்தக் காலம். இப்போது ஏற்றுவது கஷ்டம்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இப்போது கிடைக்கிற பெட்ரோலைப் பற்றியும் பேச வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-லேயே நாடு முழுக்க நின்றுபோனது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால். ஈயம் இல்லாமல் பழைய எஞ்சினின் வால்வு சீட் (வால்வு வந்து உட்காரும் இடம்) என்ன ஆகும்? பம்பு டயஃப்ரம், ரப்பர் ஓஸ் என்ன ஆகும்?

எஃப்ஹெட் பித்தன்:
ஓஸும் டயஃப்ரமும் போகும், சரி. எத்தனால் தாங்கும் ஓஸ் மீட்டர் கணக்கில் விற்கிறது, மாற்றிவிட்டால் முடிந்தது. டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, பழைய ஓஸை விட்டு வைத்தால் அடுப்பின் மேல் உட்கார்ந்த மாதிரி. அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எத்தனால் ஈரம் இழுக்கும் என்பதால் டேங்க்கை நிரப்பியே வைக்க வேண்டும்.

வால்வு சீட் பயம் இந்த எஞ்சினுக்குப் பெரிதாக இல்லை. எக்ஸாஸ்ட் சீட் கம்பெனியிலேயே கடினமான தனி வளையமாக இறக்கியிருப்பார்கள். என் வண்டி ஈயமில்லாத பெட்ரோலில் இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது, வால்வின் டேப்பெட் இடைவெளி பார்ப்பதோடு சரி.

மலைப்பாதை:
எஞ்சின் எஞ்சின் என்று இத்தனை பதிவு. நிறுத்துவதைப் பற்றி ஒருவர் வாய் திறக்கவில்லை!

நான் கொடைக்கானல் பக்கம் 3பி ஓட்டுகிறவள். இந்த வண்டியில் பிரேக் சர்க்யூட் ஒன்றே ஒன்று. ஒரு சக்கரத்தில் சிலிண்டர் கசிந்தால் நாலு சக்கரமும் போச்சு. பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பெடலுக்குக் கீழே, தரைக்கு அடியில் தொங்குகிறது. சேறும் தண்ணீரும் முதலில் அதன் மேல்தான். பதினெட்டு வருடம் நின்ற வண்டியில் அதற்குள் இருப்பது பிரேக் ஆயிலா, கருப்பட்டிப் பாகா என்று திறந்தால்தான் தெரியும். தம்பி, குழாய், ஓஸ், வீல் சிலிண்டர் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். ரப்பர் கிட் மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அப்புறம் முன் சக்கரம். ஜாக்கி போட்டுத் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கிங்பின் (சக்கரம் திரும்பும் அச்சாணி) பேரிங். மூடியைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் காகிதம் மாதிரி மெல்லிய ஷிம்களைப் பத்திரமாக எடுத்து, மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எழுதி வையுங்கள். நான் எழுதி வைக்காமல் இரண்டு வாரம் அலைந்தேன்.

டீசல் அண்ணாச்சி:
அம்மா சொன்னதற்கு மறுபேச்சில்லை.

கம்பத்துக்காரன்:
மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். மலைப்பாதை அக்கா, மாஸ்டர் சிலிண்டரில் கருப்பட்டிப் பாகேதான். எல்லாம் புதிதாக வாங்கிவிட்டேன்.

எஞ்சின் விஷயம். பிளக் நான்கையும் கழற்றி, டீசலும் கியர் ஆயிலும் பாதிப் பாதி கலந்து ஒவ்வொரு ஓட்டையிலும் ஊற்றினேன். ஒன்று, இரண்டு, நான்கில் மெதுவாக இறங்கியது. மூன்றில் இறங்கவே இல்லை, அப்படியே நின்றது. தினமும் காலையில் பால் வாங்கப் போகும் முன் ஹாண்டிலைப் போட்டு ஒரு அழுத்து, அவ்வளவுதான். உடைத்துவிடக் கூடாது என்று நீளக் குழாய் செருகவில்லை. ஒன்பது நாள் ஒன்றுமில்லை. பத்தாம் நாள் ‘டக்’ என்று ஒரு சத்தம், ஹாண்டில் விரல் அகலம் நகர்ந்தது. அம்மா சமையலறையிலிருந்து என்ன உடைந்தது என்று கேட்டார்.

ஹெட்டைக் கழற்றியதில், மூன்றாவது சிலிண்டரின் இன்டேக் வால்வு திறந்த நிலையிலேயே நின்றிருக்கிறது. கார்புரேட்டர் வழியாகத் தண்ணீர் அதற்குள்தான் போயிருக்கிறது. சுவரில் வட்டமாகத் துரு, நகம் வைத்தால் பள்ளம் தட்டுகிறது. மற்ற மூன்றிலும் தேய்மானம்தான். பிளாக்கில் விரிசல் இல்லை. முக்கியமாக, பிளாக்கில் உள்ள நம்பரும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள நம்பரும் ஒன்று. புத்தகம் தாத்தா பெயரில் இருக்கிறது, வாரிசு மாற்றத்துக்குப் படிவம் 31 கொடுக்க வேண்டும், அதற்கு அலைந்துகொண்டிருக்கிறேன். பெட்ரோலிலேயே விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். அண்ணாச்சி கோபிக்க வேண்டாம்.

டீசல் அண்ணாச்சி:
கோபமென்ன தம்பி. ஹாண்டில் சுற்றுகிற எஞ்சினை நானும் எறியச் சொல்ல மாட்டேன். சுற்றாத எஞ்சினுக்குச் சொன்னது அது. ஏழு கிலோமீட்டர் கொடுக்கும்போது இந்தப் பதிவை ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.

சேலம் லேத்து:
லேத்தில் எந்த சைஸுக்குப் போர் (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது) பண்ணச் சொன்னார்கள்?

கம்பத்துக்காரன்:
நாற்பது ஓவர்சைஸ் (0.040 அங்குலம் கூடுதல்) போனால் பள்ளம் போய்விடும் என்கிறார்கள். இன்றே பண்ணிவிடலாமா என்று கேட்டார்கள்.

சேலம் லேத்து:
கூடாது! பிஸ்டன் கைக்கு வரட்டும். நான்கையும் அளந்து, அதற்கு ஏற்ற மாதிரிதான் போர். நான் தொழில் கற்ற பட்டறையில் பிஸ்டன் வரும் முன்பே போர் பண்ணிவிட்டு, வந்த பிஸ்டன் உள்ளே கிலுகிலுப்பை மாதிரி ஆடியதைப் பார்த்திருக்கிறேன். அந்த பிளாக்குக்கு அப்புறம் ஸ்லீவ் (உள்குழாய்) இறக்கினோம்.

எஃப்ஹெட் பித்தன்:
பிஸ்டன் செட், ரிங், எக்ஸாஸ்ட் வால்வு எங்கே கிடைக்கும் என்பதைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். அமெரிக்காவில் 1968-லேயே நிறுத்திவிட்ட வண்டி, இங்கே அதற்கு அப்புறமும் ஓட்டியதால் சாமான் இன்னும் கிடைக்கிறது. அந்தப் பக்கவாட்டு வால்வு ஸ்பிரிங்கை அமுக்க ஒரு கருவி வேண்டும், கையால் முயன்றால் விரல் போகும். கம்பத்துக்குப் பக்கத்தில் யாரிடமாவது இருக்கிறதா?

டீசல் அண்ணாச்சி:
என்னிடம் இருக்கிறது. பழைய எஞ்சினோடு வந்தது, எறிய மனசு வரவில்லை. பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன்.

கம்பத்துக்காரன்:
கருவி வந்து சேர்ந்தது அண்ணாச்சி, நன்றி. பிஸ்டனும் வந்துவிட்டது, பிளாக்கை லேத்தில் இறக்கியாயிற்று. சனிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்தச் சனிக்கிழமை என்று சொல்லவில்லை.